கேனோப்பி கதவு உறுமினால்: தகட்டில் பீட் போட்டு அதிர்வை அடக்குவது எப்படி, அறிகுறி வாரியாக

15 கிலோ எண்ணெய் டின்னின் பக்கத்தைத் தடவிப் பாருங்கள், வரிவரியாகப் புடைப்பு இருக்கும். 200 லிட்டர் பேரலின் வயிற்றில் இரண்டு வளையம் எழும்பியிருக்கும். தகட்டின் தடிமனைக் கூட்டாமல், உருவத்தை மட்டும் மாற்றி விறைப்பை வாங்கும் வேலை இது. ஜென்செட் கேனோப்பி (ஜெனரேட்டரை மூடும் தகட்டுக் கூடு), ஏசி டக்ட், கம்ப்ரசர் மூடி, மெஷின் கார்டு என்று மெல்லிய தகடு அதிரும் எல்லா இடத்திலும் இதே வைத்தியம்தான். இப்படித் தகட்டில் எழுப்பும் வரியைப் பட்டறையில் பீட் என்பார்கள், சிலர் ரிப் என்பார்கள். இங்கே பீட் என்றே வைத்துக்கொள்வோம்.

முதலிலேயே ஒன்று. பீட் அதிர்வை விழுங்காது. தகடு தானாக எந்த அதிர்வெண்ணில் ஆடுமோ, அந்த எண்ணை மேலே தள்ளும், அவ்வளவுதான். எங்கிருந்து எங்கே தள்ளுகிறோம் என்று தெரியாமல் அடித்தால், அமைதியாக இருந்த கதவுகூடக் கத்த ஆரம்பிக்கும். கீழே வரும் பாதி கோளாறுகளுக்கு இதுதான் வேர்.

கணக்கு எல்லாவற்றுக்கும் ஒரே கதவை எடுத்துக்கொள்வோம்: 600 × 900 மி.மீ., 1.2 மி.மீ. (18 கேஜ்) சிஆர்சிஏ தகடு (குளிர்நிலையில் உருட்டிப் பதப்படுத்திய இரும்புத் தகடு), சுற்றிலும் சட்டத்தில் பிடித்தது, உள்ளே 1500 ஆர்பிஎம் டீசல் எஞ்சின்.

அறிகுறி 1: எஞ்சின் ஓடும்போது ஒரே ஒரு கதவு மட்டும் "ம்ம்ம்" என்று உறுமுகிறது. கையை வைத்து அழுத்தினால் சத்தம் சட்டென்று இறங்குகிறது

இது ஒத்ததிர்வு. எஞ்சின் உதைக்கும் வேகமும் தகடு தானாக ஆடும் வேகமும் ஒன்றாகிவிட்டன.

எஞ்சின் உதைக்கும் வேகத்தைக் கண்டுபிடிக்கக் கருவி வேண்டாம். நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினில் இரண்டு சுற்றுக்கு ஒரு முறை ஒவ்வொரு சிலிண்டரும் வெடிக்கும். ஆகவே ஆர்பிஎம்மை 60-ஆல் வகுத்து, சிலிண்டர் எண்ணிக்கையில் பாதியால் பெருக்குங்கள். 1500 ஆர்பிஎம்மில் 2 சிலிண்டருக்கு 25 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 25 உதை), 3 சிலிண்டருக்கு 37.5, 4 சிலிண்டருக்கு 50, 6 சிலிண்டருக்கு 75. இதன் இரு மடங்கையும் எழுதி வையுங்கள். கிராங்க் சுழலும் 25 ஹெர்ட்ஸையும் எல்லா எஞ்சினுக்கும் சேர்த்துக்கொள்ளுங்கள், பேலன்ஸ் சரியில்லாத எதுவும் அதில்தான் ஆட்டும்.

தகட்டின் எண்ணுக்கு ஒரு சூத்திரம் போதும். இரும்புத் தகடு, நான்கு ஓரமும் சும்மா தாங்கப்பட்டது என்று வைத்தால்:

அதிர்வெண் = 2.46 × தடிமன் (மி.மீ.) × (1/நீளம்² + 1/அகலம்²), நீள அகலம் மீட்டரில்.

நம் கதவுக்கு: 2.46 × 1.2 × (1.235 + 2.778) = சுமார் 12 ஹெர்ட்ஸ். ஓரங்கள் இறுக வெல்டு செய்யப்பட்டிருந்தால் இதைவிட 1.8, 1.9 மடங்கு வரை ஏறும். உண்மை இரண்டுக்கும் நடுவில் எங்கோ இருக்கும். "12 தானே, 37.5-க்கு எவ்வளவோ தள்ளி இருக்கிறதே" என்று நினைத்துவிடாதீர்கள். தகட்டுக்கு ஒரே எண் கிடையாது. அகலவாக்கில் இரண்டு துண்டாக, நீளவாக்கில் மூன்று துண்டாக என்று பிரிந்தும் ஆடும். இதே கதவுக்கு அடுத்தடுத்த எண்கள் 23, 36, 41, 47. தட்டையான பெரிய கதவு எந்த எஞ்சினோடும் எளிதில் மாட்டிக்கொள்வது இதனால்தான்.

கணக்கோடு நிற்காமல் தட்டிப் பாருங்கள்.

எஞ்சினை நிறுத்துங்கள். ஃபைபாக்ஸ் போன்ற இலவச ஆப்பில் முடுக்கமானி அலைமாலைப் பக்கத்தை (எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு ஆட்டம் என்று காட்டும் வரைபடம்) திறந்து, போனை இருபக்க டேப்பால் கதவில் ஒட்டுங்கள். நடுவில் ஒட்டக் கூடாது. அதற்கு இரண்டு காரணம். நடுப்புள்ளி, இரண்டு துண்டாக ஆடும் வகைகளுக்கு அசையாத கணுவாக இருக்கும், அவை பதிவாகாமலே போகும். இன்னொன்று எடை: இந்தக் கதவு 5 கிலோ, ஆட்டத்தில் பங்கெடுப்பது அதில் கால் பங்குதான். 200 கிராம் போனை நடுவில் ஒட்டினால் அளவே 7 சதவீதம் குறைத்துக் காட்டும். நீளத்தில் கால், அகலத்தில் கால் தள்ளி ஒட்டினால் முதல் எண்ணின் பிழை 2 சதவீதத்துக்குள் அடங்கும். பிறகு ரப்பர் சுத்தியால் நாலைந்து இடத்தில் மெதுவாகத் தட்டி, எழும் முகடுகளைக் குறித்துக்கொள்ளுங்கள். பல போன்களில் முடுக்கமானி நொடிக்கு 200 முறைதான் அளக்கும். அப்படியானால் 100 ஹெர்ட்ஸுக்கு மேல் அது காட்டுவதை நம்ப வேண்டாம். அங்கே மைக்கை வைத்து அலைமாலை பார்க்கலாம். மைக்குக்கு 30, 40 ஹெர்ட்ஸுக்குக் கீழே காது மந்தம்.

அடுத்து எஞ்சினை ஓட்டி, போனை அதே இடத்தில் வைத்து அளவெடுங்கள். எஞ்சின் எண்ணும் தகட்டின் ஏதாவது ஒரு முகடும் 10 சதவீதத்துக்குள் நெருங்கி நின்றால் குற்றவாளி கிடைத்துவிட்டது.

சந்தேகம் தீரவில்லையா? பழைய ஸ்பீக்கரின் காந்தம், அரை கிலோ, கதவின் நடுவில் ஒட்டுங்கள். முதல் எண் 15 சதவீதம் போல இறங்கும். உறுமலின் அளவு சட்டென மாறினால் அது ஒத்ததிர்வுதான். ஒன்றுமே மாறவில்லை என்றால் காந்தத்தை மற்ற எதிர்க்கணுக்களில், அதாவது கை வைத்தால் அதிகம் அதிரும் இடங்களில், நகர்த்திப் பாருங்கள். அப்போதும் மாறாவிட்டால் அந்தக் கதவை விட்டுவிட்டு அறிகுறி 6-க்குப் போங்கள்.

கூரைத் தகடு என்றால் இன்னும் சுலபம். ஒரு பிடி ரவையைத் தூவுங்கள். ஆடும் இடத்திலிருந்து துள்ளி, ஆடாத கோடுகளில் போய்ச் சேரும். எர்ன்ஸ்ட் கிளாட்னி 1787-இல் மணலை வைத்து வெளியிட்ட அதே வித்தை. 50 ஹெர்ட்ஸில் தகடு 0.1 மி.மீ. மேலும் கீழும் போனாலே ரவை துள்ள ஆரம்பித்துவிடும். ரவை சேர்ந்த கோட்டில் பீட் போட்டுப் பயனில்லை, அது ஏற்கெனவே அசையாத இடம். காலியாகிப்போன வட்டங்களைக் குறுக்காக வெட்டிப் போகும்படி பீட் வர வேண்டும்.

இனி வைத்தியம். பீட்டின் ஆழத்தை முடிவு செய்வதுதான் இதில் உயிர்நாடி. வில் போன்ற வளைவு, அகலம் ஆழத்தைப் போல 4 மடங்கு, 100 மி.மீ.க்கு ஒரு பீட், 600 மி.மீ. பக்கத்துக்கு இணையாக, ஆக 8 பீட். நம் கதவுக்குக் கணக்கிட்டால் வருவது:

ஆழம் 5 மி.மீ., அகலம் 20: பீட் வாக்கில் விறைப்பு 22 மடங்கு. எண்கள் 39, 44, 56.
ஆழம் 6 மி.மீ., அகலம் 24: விறைப்பு 36 மடங்கு. எண்கள் 50, 53, 63, 82.
ஆழம் 7 மி.மீ., அகலம் 28: விறைப்பு 54 மடங்கு. எண்கள் 61, 64, 72, 89.

இப்போது எஞ்சினோடு பொருத்துங்கள். 3 சிலிண்டருக்கு 5 மி.மீ. பீட் போட்டால் 39, நேராக 37.5-இன் வாயில். 6 மி.மீ. போட்டால் முதல் மூன்று எண்களும் 37.5-க்கும் 75-க்கும் நடுவில் போய் உட்காரும், அதுதான் வேண்டியது. 4 சிலிண்டருக்கு அதே 6 மி.மீ. விஷம், 50-இலேயே நிற்கும். அங்கே 7 மி.மீ. ஒரே கேனோப்பி டிசைனை எஞ்சின் மாற்றி விற்கும்போது நடக்கும் கூத்து இதுதான்: ஒரு மில்லிமீட்டர் வித்தியாசத்தில் ஒன்று அமைதி, ஒன்று அலறல். எஞ்சினின் முக்கிய உதை எண்ணிலிருந்து தகட்டின் முதல் எண் குறைந்தது 20 சதவீதம் தள்ளி நிற்கப் பாருங்கள்.

இவை ஓரம் சும்மா தாங்கப்பட்டதாக வைத்த கணக்கு. பீட் ஓரம்வரை போவதில்லை என்பதால் கொஞ்சம் இறங்கும், ஓரம் இறுக்கமாக இருப்பதால் கொஞ்சம் ஏறும். ஆகவே 8 பீட்டையும் அடித்து முடித்த முதல் கதவைத் தட்டிப் பார்த்த பிறகே மீதிக் கதவுகளுக்கு வெட்டுங்கள்.

தடிமனைக் கூட்டினால் போதாதா என்று கேட்பவர்களுக்கு: 1.2-ஐ 1.6 ஆக்கினால் தட்டைக் கதவு 12-லிருந்து 16-க்குத்தான் போகும், எடையும் மூன்றில் ஒரு பங்கு கூடும். 5 மி.மீ. பீட் போட்ட 1 மி.மீ. தகடும் பீட் போட்ட 1.6 மி.மீ. தகடும் 39-க்கும் 41-க்கும் இடையில்தான் நிற்கும். பீட் விழுந்தபின் விறைப்பைத் தீர்மானிப்பது ஆழம், தடிமன் பின்னால் போய்விடுகிறது.

அறிகுறி 2: பீட் போட்டும் சத்தம் குறையவே இல்லை

பெரும்பாலும் பீட்டின் திசை தப்பு. பார்க்க அழகாக இருக்கும் என்று நீளப் பக்கத்துக்கு இணையாக மூன்று நாலு வரி இழுத்திருப்பார்கள். பீட் தன் நீளவாக்கில்தான் விறைப்பு தரும், குறுக்குவாக்கில் தகடு முன்பு இருந்த மாதிரியே தளர்ச்சி. 6 மி.மீ. பீட்டை 100 மி.மீ.க்கு ஒன்றாக 900 மி.மீ. வாக்கில் போட்டால் முதல் எண் 12-லிருந்து 24.5-க்கு வரும். அதையே 600 மி.மீ. வாக்கில் போட்டிருந்தால் 50. அதைவிட மோசம், 24.5 என்பது கிராங்க் சுழலும் 25-க்குப் பக்கத்து வீடு. குட்டைப் பக்கத்திலிருந்து குட்டைப் பக்கத்துக்கு இழுக்காதீர்கள். நீளப் பக்கங்கள் இரண்டையும் இணைக்கிற மாதிரி, குறுகிய தூரத்தைக் கடக்க வேண்டும்.

திசை சரியாக இருந்தால் கீலைத் தேடுங்கள். எல்லா பீட்டும் ஓரத்திலிருந்து 60 மி.மீ. தள்ளி ஒரே கோட்டில் நின்றால், அந்த 60 மி.மீ. தட்டைப் பட்டை கதவுக் கீல் மாதிரி மடங்கி மடங்கி ஆடும். நடுப்பகுதி பலகை போல விறைத்திருந்தும் மொத்தமாக முன்னும் பின்னும் போய்வரும். ஒரு நேரான ஸ்கேலைத் தகட்டின் மேல் எந்தத் திசையில் வைத்தாலும் ஏதாவது ஒரு பீட்டை அது வெட்ட வேண்டும். வெட்டாமல் ஓரத்திலிருந்து ஓரம் போகும் பட்டை இருந்தால் கீல் அங்கேதான். இணை பீட்களுக்கு இடையே இத்தகைய பட்டைகள் இருக்கத்தான் செய்யும். ஆனால் அவை குறுகிய வாக்கில் இருப்பதால் பீட்கள் தாங்கிக்கொள்ளும். பிரச்சினை நீளவாக்குப் பட்டையில். பீட் முனையை மடிப்பிலிருந்து 20 மி.மீ. வரை கொண்டுபோங்கள், அல்லது ஒன்றுவிட்டு ஒன்று முனையை ஏற்றி இறக்குங்கள்.

மூன்றாவது, ஓரமே ஆடுவது. கதவு இரண்டு கீலிலும் ஒரு லாக்கிலும் மட்டும் தொங்கி, ஓரத்து ரப்பர் பட்டை தேய்ந்துபோயிருந்தால், தகட்டுக்கு எவ்வளவு விறைப்பு ஏற்றினாலும் கதவு முழுசாக ஆடும். லாக்கை இரண்டாக்கி, ரப்பரை மாற்றிய பிறகு பேசலாம்.

அறிகுறி 3: உறுமல் போய்விட்டது, ஆனால் "ஷ்ர்ர்" என்ற இரைச்சல் கூடிவிட்டது

இதை நம்ப மறுப்பவர்கள் அதிகம், ஆனால் இயற்பியல் இப்படித்தான். மெல்லிய தட்டைத் தகட்டில் ஓடும் வளைவு அலை, காற்றில் ஓடும் ஒலியைவிட மெதுவாகப் போகும். அதனால் தகடு ஆடினாலும் காற்றுக்கு ஒலியை ஒழுங்காகக் கைமாற்றாது. இரண்டு வேகமும் சமமாகும் எல்லை 1.2 மி.மீ. இரும்புக்குச் சுமார் 10,000 ஹெர்ட்ஸ். பீட் போட்டு விறைப்பை 36 மடங்கு ஏற்றினால் அந்த வாக்கில் இந்த எல்லை ஆறில் ஒன்றாக, 1,700 ஹெர்ட்ஸ் பக்கம் இறங்கிவிடும். டீசல் எஞ்சினின் கடகடப்பும் மனிதக் காதின் கூர்மையும் சந்திக்கும் இடம் அது. தகடு இப்போது நல்ல ஸ்பீக்கராகிவிட்டது.

பீட்டை எடுக்க வேண்டாம். உள்பக்கம் 50 மி.மீ. ராக்வூல் அல்லது தீத்தடுப்பு ஃபோம் ஒட்டுங்கள். கனத்த உறுமலைத் தொடக்கூட முடியாத ஃபோம், 1,000 ஹெர்ட்ஸுக்கு மேல் நன்றாக உறிஞ்சும். தாழ்ந்த எண்களுக்கு பீட், உயர்ந்த எண்களுக்கு ஃபோம் என்று பங்கு பிரித்துக்கொண்டால் வேலை முடியும். 1000 கேவிஏ வரையிலான டீசல் ஜென்செட்டுக்கு மத்திய அரசின் சுற்றுச்சூழல் விதிகள் வைத்திருக்கும் வரம்பு, கேனோப்பியிலிருந்து 1 மீட்டரில் 75 டெசிபல்-ஏ. ஏ வகை அளவீடு தாழ்ந்த உறுமலை மிகக் குறைத்து மதிப்பிடும். அதனால் மீட்டரில் பாஸ் ஆகி, பக்கத்து வீட்டு ஜன்னல் மட்டும் அதிர்ந்துகொண்டிருப்பது சாத்தியம். மீட்டரை மட்டும் பார்த்து வேலையை முடித்துவிடாதீர்கள்.

பிட்டுமன் டேம்பிங் ஷீட்டை (அதிர்வை விழுங்கும் தார் ஷீட்) எங்கே ஒட்டுவது? பீட்டுக்கு இடைப்பட்ட தட்டையில். வளைந்து நீளும்போதுதான் அந்த ஷீட் ஆற்றலைத் தின்னும். பீட்டின் மேலேயே ஒட்டினால் காசுக்குக் கேடு.

அறிகுறி 4: வெயில் ஏறும்போதோ, கதவைச் சாத்தும்போதோ "டங்" என்று தகடு உள்ளே வெளியே குதிக்கிறது

எண்ணெய் டின்னின் அடியை அழுத்தினால் "டக்" என்று உள்வாங்கி மறுபடி "டக்" என்று வெளியே வருமே, அதேதான். ஓரத்தைவிட நடுவில் தகடு ஒரு சிட்டிகை அதிகமாக இருக்கிறது. உபரித் தகடு போக இடமில்லாமல் ஒரு பக்கம் தொப்பை போடுகிறது. பொதுவாக ஓரத்தில் நீளமாக ஓட்டிய வெல்டு ஆறிச் சுருங்கியதுதான் காரணம். ரோலில் வந்த தகட்டிலேயே இந்தக் குறை இருப்பதும் உண்டு.

கட்டைவிரலால் அழுத்திப் பார்த்துத் தொப்பையின் எல்லையைச் சாக்பீஸால் வட்டமிடுங்கள். வட்டம் 200 மி.மீ.க்குள் என்றால் இரண்டு பீட், பெரிதென்றால் மூன்று, வட்டத்தை முழுசாகக் கடந்து இரு பக்கமும் 50 மி.மீ. வெளியே போகும்படி போடுங்கள். பீட் உருவாகும்போது பக்கத்துத் தகட்டை இழுத்துக்கொள்ளும், உபரி அதிலேயே தீர்ந்துவிடும். ஆழம் 3, 4 மி.மீ. போதும். தொப்பைக்குள்ளேயே ஆரம்பித்து உள்ளேயே முடியும் குட்டைப் பீட் வேண்டாம், தொப்பையை இரண்டாகப் பிரித்து வைக்கும், அவ்வளவுதான்.

அடுத்த கதவில் வராமல் இருக்க: தொடர் வெல்டை விட்டு ஸ்பாட் வெல்டு, அல்லது 25 மி.மீ. வெல்டு, 120 மி.மீ. இடைவெளி, ஒரு மூலை முடித்ததும் எதிர்மூலை.

அறிகுறி 5: பீட் போட்ட தகடு வளைந்துவிட்டது, முனையில் விரிசல், அளவு சுருங்கிவிட்டது

இது பட்டறைக் கோளாறு, ஒலிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஆனாலும் பாதிப் பேர் பீட்டைக் கைவிடுவது இதனால்தான்.

அளவு சுருங்குவது: 24 மி.மீ. அகலம், 6 மி.மீ. ஆழ வளைவின் நீளம் 28 மி.மீ. ஒவ்வொரு பீட்டுக்கும் 4 மி.மீ. தகடு எங்கிருந்தாவது வர வேண்டும். முழுக்கப் பக்கத்திலிருந்து இழுத்தால் 8 பீட்டுக்கு 32 மி.மீ. போய்விடும். கொஞ்சம் நீண்டும் கொடுக்கும் என்பதால் நிஜத்தில் அதைவிடக் குறைவு. அந்த அளவு டை (பீட்டை அழுத்தும் அச்சு), லூப்ரிகேஷன், தகட்டின் ரகம் மூன்றையும் பொறுத்தது. பீட் வாக்குக்குக் குறுக்கே 35 மி.மீ. கூடுதலாக வெட்டி, பீட் போட்டு முடித்து, பிறகு அளவுக்கு ட்ரிம் செய்து, கடைசியாக ஓரம் மடியுங்கள். மடித்த பிறகு பீட் போடப் போனால் மூலைகள் இழுபட்டு அலை அலையாக நிற்கும்.

விரிசல்: பீட்டின் நடுவில் வராது, முனையில்தான் வரும். அங்கே தகடு மூன்று பக்கமும் இழுபடுகிறது. முனையை ஸ்பூன் மாதிரிச் சரிவாக இறக்குங்கள், சரிவின் நீளம் ஆழத்தைப் போல 3 மடங்காவது. டையின் ஓரத்து ஆரம் தகட்டுத் தடிமனைப் போல 3 மடங்கு. தகட்டுக்கான இந்தியத் தரமான ஐஎஸ் 513-இல் சிஆர்1 சாதாரண ரகம். 5 மி.மீ.க்கு மேல் ஆழம் வேண்டுமானால் சிஆர்2 அல்லது சிஆர்3 கேட்டு வாங்குங்கள். ஜிஐ தகடென்றால் வளைவில் துத்தநாகம் உரிகிறதா என்று விரலால் தேய்த்துப் பாருங்கள். உரிந்தால் மழைக்காலம் முடிவதற்குள் அந்தக் கோடு முழுக்கத் துரு.

வளைவு: எல்லா பீட்டும் ஒரே பக்கம் எழும்பினால் தகடு வில் மாதிரி வளையும். ஒன்றுவிட்டு ஒன்று எதிர்ப்பக்கம் போட்டால் சரியாகும், இடம் அனுமதித்தால்.

மெஷினின் எல்லையும் உண்டு. கையால் சுற்றும் பீடிங் மெஷினின் வாய் 300 மி.மீ. ஆழம் என்றால், 900 மி.மீ. கதவின் இரு முனையிலிருந்தும் 300 வரைதான் ரோலர் எட்டும். நடு 300 தட்டையாகவே கிடக்கும், மிக அதிகமாக ஆடுவதும் அந்த நடுதான். கேனோப்பி வேலைக்கு பிரஸ் பிரேக்கில் பீட் டையை மாட்டுவதே நல்லது. ஒரே அடியில் 600 மி.மீ. விழும், ஆழமும் ஒவ்வொன்றிலும் ஒரே மாதிரி இருக்கும்.

அறிகுறி 6: எந்தத் தகட்டில் காந்தம் வைத்தாலும் மாற்றமில்லை

தகடு குற்றவாளி இல்லை. எக்ஸாஸ்ட் பைப் கேனோப்பி ஓட்டையின் விளிம்பை உரசுகிறதா, ரேடியேட்டர் ஷ்ரவுடு நேராகக் கேனோப்பியில் முடுக்கப்பட்டிருக்கிறதா, ஆன்டி வைப்ரேஷன் மவுன்ட் (எஞ்சின் அதிர்வு சட்டத்துக்குப் போகாமல் தடுக்கும் தாங்கி) உட்கார்ந்துவிட்டதா என்று பாருங்கள். எஞ்சினிலிருந்து சட்டத்துக்கு இரும்புக்கு இரும்பு ஒரு தொடுகை இருந்தாலும் மவுன்ட் வைத்ததெல்லாம் வீண். ஒரு காகிதத்தை இடைவெளியில் நுழைத்து முழுசுற்று இழுத்துப் பார்த்தாலே தெரிந்துவிடும். "ட்ர்ர்" என்ற நடுக்கம் என்றால் லூசான போல்ட், லாக் நாக்கு, நேம் பிளேட். இவற்றுக்கெல்லாம் பீட் மருந்தில்லை.

ஒரு ஆறுதல்: எஞ்சினை நிறுத்தும்போது வேகம் இறங்குகையில் மட்டும் ஒரு நொடி கதவு உறுமிவிட்டு அடங்கினால் கவலை வேண்டாம். ஓடும் வேகத்துக்குக் கீழே ஓர் ஒத்ததிர்வைக் கடந்துபோகிறது, அவ்வளவுதான்.

அறிகுறி 7: ஏசி டக்டில் ஃபேன் கிளம்பும்போதும் நிற்கும்போதும் "டும்", ஓடும்போது தாழ்ந்த முழக்கம்

"டும்" என்பது காற்றழுத்தம் ஏறும்போது தட்டைப் பக்கம் வெளியே புடைப்பது, அறிகுறி 4-இன் தம்பி. இதற்குப் பழைய வைத்தியம் கிராஸ் பிரேக்: மூலைக்கு மூலை எக்ஸ் வடிவில் மெல்லிய மடிப்பு, தகடு லேசான கூம்பாக நிற்கும். சப்ளை டக்டில் (அறைக்குக் காற்றைத் தள்ளுவது) கூம்பு வெளிப்பக்கம், ரிட்டர்ன் டக்டில் (திரும்ப இழுப்பது) உள்பக்கம். மாற்றிப் போட்டால் அழுத்தம் கூம்பைத் தலைகீழாகத் தள்ளி, இருந்ததைவிடப் பெரிய "டும்" வரும். அமெரிக்க டக்ட் ஒப்பந்ததாரர் சங்கமான ஸ்மாக்னாவின் தரத்தில் 19 அங்குலமும் அதற்கு மேலும் அகலம், 20 கேஜ் அல்லது அதைவிட மெல்லிய தகடு, 10 சதுர அடிக்கு மேல் தாங்கலில்லாத பரப்பு என்றால் கிராஸ் பிரேக் அல்லது பீட் கட்டாயம், பீட் இடைவெளி 12 அங்குலத்துக்கு மிகாமல். இன்சுலேஷனோ உள் லைனரோ வரும் டக்டுக்கு விலக்கு உண்டு.

ஓடும்போது வரும் முழக்கத்துக்குக் கிராஸ் பிரேக் போதாது. ஃபேன் வாயிலிருந்து உடனே எல்போ திரும்பியிருந்தால் காற்றுச் சுழல் டக்டின் பக்கங்களைப் பறை மாதிரி அடித்துக்கொண்டே இருக்கும். பீட் போட்டால் முழக்கம் வேறு எண்ணுக்கு நகரும், போகாது. முடிந்தால் அந்த முதல் சில மீட்டரை வட்ட டக்டாக மாற்றுங்கள். வட்டம்தான் இருக்கிறதிலேயே பெரிய உருவ மாற்றம், தாழ்ந்த முழக்கத்தைச் சதுர டக்டைவிடப் பல மடங்கு உள்ளேயே அடக்கி வைக்கும்.

பீட் போட இடமில்லாத முகப்புத் தகடு

ஸ்டிக்கர், லோகோ வர வேண்டும், பீட் தெரியக் கூடாது என்று கேட்பார்கள். அங்கே லேசான குவிவு. இரு வாக்கிலும் 5 மீட்டர் ஆரத்தில் குவித்தால் 600 மி.மீ. அகலத்தில் உயர்வு வெறும் 9 மி.மீ., கண்ணுக்குத் தட்டை மாதிரியே தெரியும். ஓரங்கள் விரிந்துகொடுக்காமல் பிடிபட்டிருந்தால் அடிப்படை எண் 160 ஹெர்ட்ஸைத் தாண்டும், அதாவது 3, 4 சிலிண்டர் எஞ்சின்களின் முக்கிய உதைகளுக்கெல்லாம் மேலே. கார் கூரைகள் இப்படித்தான் தப்பிக்கின்றன. ஒரு வாக்கில் மட்டும் வளைத்தால் இந்தப் பலனில் சிறு பங்குதான் கிடைக்கும். இரு வாக்குக் குவிவுக்கு பிரஸ் டை வேண்டும், பத்துப் பதினைந்து கதவுக்குக் கட்டுப்படியாகாது. அந்த எண்ணிக்கைக்கு உள்பக்கம் தொப்பி வடிவச் சட்டம் ஒன்றைக் குறுகிய வாக்கில் வைத்து, வெல்டு சுருக்கம் முகப்பில் தெரியாமலிருக்கப் பசை போட்டு ஒட்டிவிடுவதே புத்திசாலித்தனம். பசை காயும்வரை கிளாம்ப் எடுக்காதீர்கள், ஒட்டும் இடத்தில் பவுடர் கோட்டிங்கைச் சுரண்டிவிட்டு ஒட்டுங்கள்.